தொங்கா: மன்னரும் மன்றமும் மக்களும்

உலக நாடுகளின் ஆட்சிமுறையை முடியாட்சி என்றும் குடியாட்சி என்றும் இரண்டாகப் பிரித்துக் கூறுவது பள்ளிப் பாடநூல்களின் வழக்கம். இப்பிரிவு எளிமையானது, ஆயினும் முழு உண்மையை உணர்த்துவது அன்று. மன்னர் அரியணையில் வீற்றிருக்கும் நாட்டிலேயே மக்கள் தங்கள் வாக்கினால் அரசாங்கத்தை அமைப்பதும் உண்டு. மன்னரே இல்லாத நாட்டில் அதிகாரம் அனைத்தும் ஒருவர் கையில் குவிந்து கிடப்பதும் உண்டு. ஆகவே, ஒரு நாட்டின் தலைவர் தாங்கும் பட்டம் யாது என்று கேட்பதைவிட, வேறு மூன்று வினாக்களைக் கேட்பதே பயனுடையது. அரசாங்கத்தை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அவரைப் பதவியினின்றும் நீக்க வல்லவர் யார்? மன்றம் இயற்றிய சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமை யாருக்கு உண்டு?

நம் மலேசியாவில் மாட்சிமை தங்கிய பேரரசர், ஒன்பது மாநிலங்களின் மலாய் ஆட்சியாளர்களுள் ஒருவராக, அவர்களாலேயே ஐந்தாண்டுக் காலத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று அவர் கருதும் உறுப்பினரே பிரதமராக நியமிக்கப்படுகிறார். மன்னரும் மன்றமும் இணைந்த இம்முறையை, முற்றிலும் வேறான ஒரு வழியில் நடந்து சென்று அடைந்த சின்னஞ்சிறு தீவு நாடு ஒன்று தென் பசிபிக் மாகடலில் உண்டு. அதுவே தொங்கா. அந்நாட்டு மக்கள் முதல் அரசியலமைப்பைப் பெற்ற நாளுக்கும், தங்கள் பிரதிநிதிகளின் வாக்கால் பிரதமர் தெரிவு செய்யப்பட்ட நாளுக்கும் இடையே 135 ஆண்டுகள் கடந்தன. அந்த நெடிய பயணத்தில் ஆசிரியர்களும் தாதியரும் எழுத்தர்களும் ஆற்றிய பங்கு, உழைத்து வாழும் எவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

தீவுகளும் மக்களும்

தொங்கா ஏறக்குறைய 170 தீவுகளைக் கொண்டது. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை நாற்பதுக்கும் குறைவு. அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டரே. மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். தலைநகராகிய நுக்குஅலோபா, தொங்காதாபு என்னும் பெரிய தீவில் அமைந்துள்ளது. வள்ளிக்கிழங்கும் சேம்பும் தென்னையும் மீனும் மக்களின் பழைய வாழ்வாதாரம். கொப்பரை ஒரு காலத்தில் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாக விளங்கியது. இன்று தாய்நாட்டில் வாழும் தொங்கர்களைவிட நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வாழ்வோரின் எண்ணிக்கை அதிகம். அவர்கள் அனுப்பும் பணமே பல குடும்பங்களைத் தாங்கி நிற்கிறது.

பசிபிக்கில் தூவாலு, சொலமன் தீவுகள் போன்ற வேறு சில தீவு நாடுகளும் முடியாட்சி நாடுகளே. ஆனால் அவை தொலைவிலுள்ள பிரிட்டனின் மன்னரையே தங்கள் மன்னராகவும் ஏற்றுள்ளன. தொங்காவோ தன் மண்ணிலேயே பிறந்த அரச மரபைக் கொண்டது. அதனால் அங்கு மன்னரின் அதிகாரம் ஏட்டளவில் நின்றதில்லை. மக்களின் அன்றாட வாழ்விலும் நிலத்திலும் ஊதியத்திலும் அதன் தாக்கம் இருந்தது.

குடிகளுக்கு விடுதலை

பழங்காலத் தொங்காவில் குடிமக்கள் தங்கள் தலைவர்களுக்குக் கட்டுப்பட்ட அடிமைகளைப் போன்றே வாழ்ந்தனர். தலைவர் கேட்ட பொருளைக் கொடுக்கவேண்டும். அழைத்த வேலைக்குச் செல்லவேண்டும். விளைச்சல் யாருடையது, உழைப்பு யாருடையது என்னும் கேள்விக்கே அங்கு இடமில்லை.

சிதறிக் கிடந்த தீவுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றிணைத்து ஆண்டவர் முதலாம் ஜார்ஜ் தூப்போ மன்னர். அவர் 1862-ஆம் ஆண்டு சூன் திங்கள் 4-ஆம் நாள் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டார். குடிமக்கள் அனைவரும் அடிமை நிலையினின்றும் விடுவிக்கப்பட்டனர் என்று அச்சட்டம் அறிவித்தது. எந்தத் தலைவரும் குடிகளின் பொருளைப் பறிக்கவோ, அதிகாரத்தைக் காட்டிக் கேட்டு வாங்கவோ கூடாது என்றும் விதித்தது. தலைவர்கள் தங்கள் மக்களுக்குப் பயிரிட நிலம் பகிர்ந்தளிக்கவேண்டும்; வரியும் வாடகையும் செலுத்தி வரும்வரை எவரையும் அந்நிலத்தைவிட்டு வெளியேற்றலாகாது என்றும் கூறியது. இன்றும் சூன் 4 தொங்காவில் விடுதலைத் திருநாளாகக் கொண்டாடப்படுகிறது.

1875-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அம்மன்னர் நாட்டிற்கு ஓர் அரசியலமைப்பை வழங்கினார். ஷெர்லி பேக்கர் என்னும் கிறிஸ்துவ சமயப் பணியாளர் அதனை வரைவதில் துணைநின்றார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அருகிலுள்ள பிஜித் தீவுகள் பிரிட்டனின் ஆளுகைக்குள் சென்றிருந்தன. பின்னாளில் தமிழர்களும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட அதே பிஜிதான் அது. எழுதப்பட்ட சட்டமும் முறையான அரசாங்கமும் உடைய நாட்டை வல்லரசுகள் எளிதில் விழுங்கிவிட முடியாது என்று தூப்போ மன்னர் கருதினார். அவர் கருத்து பெரும்பாலும் பலித்தது. 1900-இல் தொங்கா பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்று, வெளியுறவுப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. எனினும் தன் மன்னரையும் தன் சட்டத்தையும் இழக்கவில்லை. 1970-ஆம் ஆண்டு சூன் 4-ஆம் நாள் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் முடிவுக்கு வந்தது.

எட்டேகால் ஏக்கர்

தொங்காவின் ஆட்சிமுறையைப் புரிந்துகொள்ள அதன் நிலச் சட்டத்தை அறிவது இன்றியமையாதது. அங்கு நிலம் அனைத்தும் அரச முடிக்கு உரியது. அதன் பெரும்பகுதி பரம்பரைப் பிரபுக்களின் பொறுப்பில் பண்ணைகளாகப் பிரித்து விடப்பட்டுள்ளது. ஆயினும் 16 வயது நிரம்பிய ஒவ்வோர் ஆண்மகனும் அப்பண்ணைகளிலிருந்து தனக்கென ஒரு பயிர் நிலத்தையும், ஊருக்குள் வீடு கட்ட ஒரு மனையையும் பெறும் உரிமை சட்டத்தால் வழங்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் பயிர் நிலத்தின் அளவு எட்டேகால் ஏக்கர். நிலம் தந்தைக்குப்பின் மகனுக்குச் செல்லும்.

மற்றொரு விதி மிகவும் குறிப்பிடத்தக்கது. தொங்காவில் நிலத்தை எவரும் விற்க முடியாது. குடிமகனும் விற்கலாகாது, பிரபுவும் விற்கலாகாது, மன்னரும் விற்கலாகாது. குத்தகைக்கு விடலாம், கிரயம் செய்ய இயலாது. அதனால்தான் பசிபிக்கின் பல தீவுகளில் வெளிநாட்டார் பெருந்தோட்டங்களை அமைத்து, நிலத்துக்கு உரியவர்களைக் கூலிகளாக்கிய நிலை தொங்காவில் ஏற்படவில்லை. பிறருடைய நிலத்தில் பிறருடைய மரங்களைச் சீவி வாழும் தோட்டத் தொழிலாளர்க்கு இவ்வுரிமையின் அருமையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

எனினும் ஏட்டில் உள்ள உரிமை கைக்கு எட்டுவது வேறு. மக்கள் தொகை பெருகியது; நிலம் பெருகவில்லை. உரிமை இருந்தும் நிலம் கிடைக்காதவர் பலர் ஆயினர். பண்ணைப் பிரபுவின் சம்மதம் இன்றி விண்ணப்பம் நகர்வது அரிதாகையால், அவர்தம் தயவை நாடி நிற்கும் பழக்கமும் தொடர்ந்தது. பெண்மக்களுக்கோ இந்நில உரிமை வழங்கப்படவே இல்லை. கைம்பெண் தன் கணவனின் நிலத்தைத் தன் வாழ்நாள்வரை வைத்திருக்கலாம், அவ்வளவே. 1862-இல் தொடங்கிய விடுதலை பாதி வழியில் நின்றுவிட்டதோ என்னும் ஐயம் மக்களிடையே எழுந்ததில் வியப்பில்லை.

பழைய மன்றத்தின் கணக்கு

தொங்காவில் நூறாண்டுக்கு மேலாகச் சட்டமன்றம் இருந்தது, தேர்தலும் நடந்தது. 1951-இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அப்படியிருக்க, மக்களாட்சி இல்லை என்று எவ்வாறு கூறுவது? விடை கணக்கில் இருக்கிறது.

1980-களின் நடுவிலிருந்து அம்மன்றத்தில் மூன்று வகையினர் அமர்ந்திருந்தனர். நாட்டின் முப்பத்துச் சொச்சம் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் 9 பேர். ஏனைய மக்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த உறுப்பினரும் 9 பேர். இவர்களோடு மன்னரால் நியமிக்கப்பட்ட அமைச்சர்கள். அமைச்சர்கள் மக்களைச் சந்தித்து வாக்குக் கேட்கவேண்டியதில்லை. மன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் நீடிக்கலாம். மக்களின் ஒன்பது பிரதிநிதிகளும் ஒரே குரலில் பேசினாலும், பிரபுக்களும் அமைச்சர்களும் எதிரில் நின்றால் அவர்களால் ஒன்றையும் நிறைவேற்ற இயலாது. மக்களுக்கு வாக்கு இருந்தது. ஆனால் அந்த வாக்கால் அரசாங்கத்தை அமைக்கவும் முடியவில்லை, மாற்றவும் முடியவில்லை.

இந்நிலையிலும் அரச குடும்பத்தின்மீது மக்கள் கொண்ட மதிப்புக் குறையவில்லை. 1918 முதல் 1965 வரை ஆண்ட சலோத்தே அரசியார் மக்களால் பெரிதும் நேசிக்கப்பட்டவர். 1953-இல் இலண்டனில் நடைபெற்ற முடிசூட்டு விழா ஊர்வலத்தில், கொட்டும் மழையிலும் வண்டியின் மேல்மூடியை இழுக்காமல் நனைந்தபடியே மக்களை நோக்கிக் கையசைத்துச் சென்ற அவரை உலகமே வியந்து பார்த்தது. அவருடைய மகனார் நான்காம் தௌபாஆஹாவ் தூப்போ 1965 முதல் 2006 வரை அரசாண்டார். அவருடைய காலத்தில்தான் கேள்விகள் வலுத்தன.

ஆசிரியர் ஒருவர்

அகிலிசி போஹிவா ஓர் ஆசிரியர். கல்வித் துறையில் பணியாற்றியவர். அரசாங்கத்தைக் குறைகூறும் வானொலி நிகழ்ச்சியில் பங்குகொண்டார் என்பதற்காக 1985-இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் நீதிமன்றம் சென்றார். அந்நீக்கம் முறையற்றது என்று தீர்ப்புப் பெற்றார். அதற்கு முன்னரே, 1987-இல், மக்களின் பிரதிநிதியாகச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். அன்று முதல் 2019-இல் மறையும் வரை ஒவ்வொரு தேர்தலிலும் மக்கள் அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பினர்.

அவர் எழுப்பிய வினாக்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை. அரசாங்கச் செலவுக்குக் கணக்கு எங்கே? தொங்காவின் கடப்பிதழை வெளிநாட்டாருக்கு விற்றுப் பெற்ற பணம் என்ன ஆயிற்று? 1996-இல் மன்றத்தை அவமதித்ததாகக் கூறி, அவரையும் இரண்டு செய்தியாளர்களையும் மன்றமே சிறைக்கு அனுப்பியது. தண்டனைக் காலம் முடியுமுன்பே நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சில ஆண்டுகளுக்குப்பின், கடப்பிதழ் விற்பனைப் பணத்தில் ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் தவறான முதலீடுகளில் தொலைந்துபோனது வெளியாயிற்று. ஒரு லட்சம் மக்கள் கொண்ட நாட்டிற்கு இது பேரிழப்பு. இருந்தும், அந்த இழப்பிற்காக அரசாங்கத்தை வாக்கினால் நீக்கும் வழி மக்களுக்கு இல்லை.

ஊதியத்தில் தொடங்கிய மாற்றம்

2005-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொங்காவின் அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். புதிதாக அறிவிக்கப்பட்ட ஊதியத் திட்டத்தில் உயர் அதிகாரிகளுக்குப் பெரிய உயர்வும், கீழ்நிலை ஊழியர்களுக்கு அற்ப உயர்வும் கிடைத்தமையே காரணம். பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியரும் தாதியரும் எழுத்தரும் நாள்தோறும் தலைநகரின் திடலில் கூடி அமர்ந்தனர். மன்னரே இறைவனின் பெயரால் நாட்டை ஆள்பவர் என்று நம்பி வளர்ந்த மக்கள், தங்கள் அரசாங்கத்தை நோக்கி இவ்வளவு பெருந்திரளாகக் குரல் எழுப்பியது அந்நாட்டில் அதற்குமுன் காணாத காட்சி.

ஆறு வாரங்களுக்குப்பின், செப்டம்பர்த் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 60 முதல் 80 விழுக்காடு வரை ஊதிய உயர்வு வழங்க அரசாங்கம் இசைந்தது. குறைந்த ஊதியம் பெறுவோர்க்கே உயர்ந்த விழுக்காடு. இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. சிறிய கருவூலம் அச்சுமையைத் தாங்க முடியாமல், அடுத்த ஆண்டில் ஊழியர் பலரைத் தன்விருப்ப ஓய்வில் அனுப்பவேண்டியதாயிற்று. ஆயினும் வேலைநிறுத்தத்தின் பயன் ஊதியத்தோடு நிற்கவில்லை. ஊதியத்தை நிர்ணயிப்பவர் யார், அவரை நியமித்தவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவர் என்று ஒரு கேள்வி மற்றொன்றை ஈன்றது. ஆட்சிமுறையை மறுஆய்வு செய்யவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாகியது.

2006-ஆம் ஆண்டு மார்ச்சில், மக்களின் பிரதிநிதியாக மன்றத்துக்கு வந்தவராகிய பெலெத்தி செவெலே பிரதமராக நியமிக்கப்பட்டார். இக்காலத் தொங்காவில் பிரபு வகுப்பைச் சேராத ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. ஆட்சி மாற்றத்தைப் பற்றி மக்களின் கருத்தைக் கேட்டறிய ஒரு குழுவும் தீவுதீவாகச் சென்று வந்தது.

நெருப்பும் பொறுப்பும்

2006 செப்டம்பரில் மன்னர் காலமானார். அவ்வாண்டு மன்றக் கூட்டம் மாற்றத்துக்கு வழிசெய்யாமலே முடிந்துவிடுமோ என்னும் ஐயம் மக்களிடையே பரவியது. நவம்பர் 16-ஆம் நாள் தலைநகரில் கூடிய கூட்டத்தின் ஒரு பகுதியினர் கட்டுக்கடங்காமல் போயினர். கடைகள் சூறையாடப்பட்டன, தீ வைக்கப்பட்டது. நகரின் வணிகப் பகுதியில் பெரும்பாலான இடங்கள் சாம்பலாயின. எட்டுப் பேர் உயிரிழந்தனர். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் படையினரும் காவலரும் வரவழைக்கப்பட்டனர். எரிந்த கடைகளில் வேலை செய்தவர்களும் அன்றைய தொங்கர்களே. அவர்களுடைய பிழைப்பும் கடைகளோடு எரிந்தது. ஆறு வாரம் திடலில் அமைதியாக அமர்ந்தவர்கள் தேடிக்கொடுத்த நல்லெண்ணத்தை ஒரே மாலைப்பொழுதின் வன்செயல் பெரிதும் குலைத்தது. அவசரகால விதிகள் நெடுநாள் நீடித்தன.

எனினும் மாற்றம் நின்றுவிடவில்லை. புதிய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தூப்போ, 2008 ஆகஸ்டில் நடைபெற்ற தம் முடிசூட்டு விழாவிற்குச் சில நாள்களுக்கு முன், நாட்டின் அன்றாட ஆட்சியில் தமக்குரிய அதிகாரங்களில் பெரும்பாலானவற்றைத் துறந்து பிரதமரின் ஆலோசனைப்படி நடக்கப்போவதாக அறிவித்தார்.

அடுத்த ஆண்டில் நேர்ந்த ஒரு துயரம், பொறுப்புள்ள அரசாங்கத்தின் தேவையை மேலும் உணர்த்தியது. அரசாங்கம் வாங்கியிருந்த பிரின்சஸ் அஷிகா என்னும் பயணிகள் கப்பல் 2009 ஆகஸ்டு 5-ஆம் நாள் இரவில் மூழ்கி 74 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் பலர். கடலில் செல்லத் தகுதியற்ற கப்பல் அது என்று விசாரணை ஆணையம் கண்டது. தகுதியற்ற கப்பலை வாங்கியவர்கள் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களா, இல்லையா? ஆட்சிமுறை என்பது அறிஞர்கள் விவாதிக்கும் பொருள் மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இருபத்தாறு இருக்கைகள்

2010-ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. புதிய சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 26 பேர். அவர்களுள் 17 பேரைப் பொதுமக்கள் தனித்தனித் தொகுதிகளில் தேர்ந்தெடுப்பர். 9 பேரைப் பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பர். இந்த 26 பேரும் வாக்களித்துத் தங்களுள் ஒருவரைப் பிரதமராகத் தெரிவு செய்வர். மன்னர் அவரை நியமிப்பார். அமைச்சர்களைத் தெரிந்தெடுப்பது பிரதமரின் உரிமை. மன்றத்துக்கு வெளியிலிருந்தும் நால்வர் வரை அவர் எடுத்துக்கொள்ளலாம். மன்றத்தின் காலம் நான்காண்டு. 21 வயது நிரம்பியவர் வாக்களிக்கலாம்.

26-இல் பெரும்பான்மை என்பது 14. இவ்வெண்ணை நினைவில் கொள்க. 2010 நவம்பர் 25-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் போஹிவாவின் கட்சி மக்களின் 17 இடங்களில் 12 இடங்களை வென்றது. மக்களில் மிகப் பலர் அக்கட்சியையே விரும்பினர் என்பது தெளிவு. ஆனால் பிரதமர் தேர்தலில் என்ன நடந்தது? பிரபுக்கள் 9 பேர், எந்தக் கட்சியையும் சேராத மக்கள் பிரதிநிதிகள் 5 பேர், ஆக 14. போஹிவாவுக்குக் கிடைத்தவை 12. பிரபு துஇவாகானோ பிரதமரானார்.

பிரபுக்களின் கூட்டணிக்கு மக்கள் பிரதிநிதிகளுள் ஐவர் துணை போதும். மக்கள் கட்சியோ பிரபுக்களின் துணையின்றி ஆட்சி அமைக்க 17-இல் 14 இடங்களை வெல்லவேண்டும். முப்பத்துச் சொச்சம் பேர் தேர்ந்தெடுக்கும் 9 இடங்களும், பல்லாயிரக்கணக்கானோர் தேர்ந்தெடுத்த 17 இடங்களும் ஒரே தராசில் வைக்கப்பட்டதன் விளைவு இது. இம்முறையை ஆதரிப்போர், பிரபுக்கள் அரசியல் புயல்களுக்கு நடுவே நாட்டை நிலைநிறுத்தும் நங்கூரம் என்பர். எதிர்ப்போர், ஒரு மனிதனுக்கு ஒரு வாக்கு என்னும் நெறிக்கு இது முரண் என்பர். இரு சாராரும் ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மை ஒன்று: மேலும் இரண்டே இரண்டு தொகுதிகள் மாறியிருந்தால் அவ்வாண்டில் அரசாங்கமே மாறியிருக்கும்.

2014 தேர்தலுக்குப்பின் கட்சி சாராதார் சிலரின் துணையோடு போஹிவா 15-க்கு 11 என்னும் வாக்கு வேறுபாட்டில் பிரதமரானார். பணியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர்ச் சிறையும் கண்ட ஆசிரியர், ஏறக்குறைய முப்பதாண்டு காத்திருந்து நாட்டின் அரசாங்கத்தை நடத்தும் பொறுப்பை அடைந்தார்.

மன்னரிடம் எஞ்சியவை

மன்னரிடம் இன்று ஒன்றும் இல்லை என்று எண்ணுவது தவறு. மன்றம் நிறைவேற்றும் சட்டம் அவருடைய ஒப்புதல் பெற்றால்தான் நடைமுறைக்கு வரும். 2011-இல், துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையைக் குறைக்கும் சட்டத்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் தூப்போ ஒப்புதல் தர மறுத்தார். நீதிபதிகளின் நியமனம் அரச மன்றத்தின் வழியே நடைபெறுகிறது. படைகளின் தலைமையும் மன்னருடையதே. மன்றத்தைக் கலைக்கும் உரிமையும் அவரிடமே உள்ளது.

அவ்வுரிமையை 2012 முதல் ஆளும் ஆறாம் தூப்போ மன்னர் 2017 ஆகஸ்டில் பயன்படுத்தினார். அவைத்தலைவரின் ஆலோசனையை ஏற்று, காலம் முடியுமுன்பே மன்றத்தைக் கலைத்தார். மக்கள் வாக்குச்சாவடிக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் அளித்த விடை வியப்பூட்டியது. போஹிவாவின் கட்சி 14 இடங்களை வென்றது. பிரதமர் தேர்தலில் அவர் பெற்றவையும் 14 வாக்குகள். 2010-இல் எட்டாத அந்த எண்ணை மக்களே எட்டச் செய்தனர். மன்னர் அம்முடிவை ஏற்றுப் போஹிவாவை மீண்டும் நியமித்தார். 2019 செப்டம்பரில் அவர் பதவியிலிருக்கும்போதே காலமானார்.

2024 பிப்ரவரியில், அன்றைய பிரதமர் சியாஓசி சோவலேனி பாதுகாப்பு அமைச்சராகவும் நீடிப்பதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று மன்னர் அறிவித்தார். வெளியுறவு அமைச்சரைப் பற்றியும் அவ்வாறே கூறினார். அமைச்சர்களைத் தெரிந்தெடுப்பது பிரதமரின் உரிமை அன்றோ என்னும் வாதம் எழுந்தது. இருப்பினும் பிரதமர் பின்னர்ப் பாதுகாப்புப் பொறுப்பைத் துறந்தார். ஏட்டில் எழுதிய அதிகாரம் ஒன்று. மன்னரின் சொல்லுக்கு மக்கள் மனத்தில் உள்ள கனம் மற்றொன்று. அவ்வாண்டு டிசம்பரில், மன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்குக்கு விடப்படவிருந்த நேரத்தில் அப்பிரதமர் பதவி விலகினார். அதே திங்களில் மன்றம் வாக்களித்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. தெருவில் கூட்டமும் இல்லை, தீயும் இல்லை.

மூன்று வினாக்களுக்கு விடை

தொடக்கத்தில் எழுப்பிய மூன்று வினாக்களுக்கும் இப்போது விடை கூறலாம். தொங்காவின் பிரதமரைத் தேர்ந்தெடுப்பது மன்றம். அவரை நீக்க வல்லதும் மன்றமே. ஆயின் பொதுத் தேர்தலுக்குப்பின் 18 மாதம் கழியும்வரை நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர இயலாது. சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் உரிமை மன்னருக்கு உண்டு. ஆக, மூன்றில் இரண்டு மன்றத்திடம் வந்துசேர்ந்துள்ளன. ஒன்று அரண்மனையில் தங்கியுள்ளது. மன்றத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரபுக்களின் கையில் இருக்கிறது. இது முடிந்த கதை அன்று.

1862-இல் குடிகளுக்கு விடுதலை வழங்கியவர் ஒரு மன்னர். 2008-இல் அதிகாரத்தைத் துறந்தவரும் ஒரு மன்னர். ஆனால் அவ்விரண்டுக்கும் இடையே வினாக்களை எழுப்பிக்கொண்டே இருந்தவர்கள் சாதாரண மக்கள். தங்கள் ஊதியச் சீட்டில் உள்ள தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கத் தொடங்கியவர்கள், தங்கள் வாக்குச்சீட்டின் மதிப்பு ஏன் இவ்வளவு குறைவு என்னும் கேள்வியில் வந்து நின்றனர். இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்களே என்பது அவர்கள் கண்ட உண்மை.

வாக்களிப்பு நாளன்று, ஒரு தோட்டத்திலிருந்து செல்லும் சில நூறு வாக்குகளால் ஆகப்போவது என்ன என்று நம்மிடையே சிலர் கருதுவதுண்டு. அத்தகையோர் தொங்காவின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். அங்கு 12-க்கும் 14-க்கும் இடையே இருந்தவை இரண்டு தொகுதிகள். அவற்றைக் கடக்க ஒரு நாட்டு மக்களுக்கு ஏழாண்டுகள் ஆயின.